எண்ணெய் கேனில் ஓர் இழுப்பறை

காலியான 5 லிட்டர் எண்ணெய் கேனைப் படுக்கவைத்து, மேல்நோக்கி இருக்கும் அகலமான பக்கத்தை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு, கைப்பிடி முன்னால் வருமாறு சமையலறை அலமாரிக்குள் தள்ளி வைத்தால், செலவில்லாமல் ஓர் இழுப்பறை கிடைத்துவிடும். மேடைக்கு அடியில் உள்ள அலமாரிகள் பெரும்பாலும் 2 அடி வரை ஆழமானவை என்பதால், நம் கை முன்வரிசையோடு நின்றுவிடுகிறது. பின்னால் போன கசகசாவும் சோம்பும் வண்டு விழுந்த பிறகுதான் கண்ணில் படுகின்றன. கேனை இழுத்தால் கடைசிப் பொட்டலமும் சேர்ந்தே வெளியே வந்துவிடும்; மூடியைக் கழற்றாமல் விட்டால், உள்ளே சிந்தும் மஞ்சள்தூள் அலமாரிப் பலகையில் படியாது.

வெட்டுவதற்கு முன், பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்த வெந்நீரைக் கேனில் ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும். பிசுக்கு மிச்சமிருந்தால் கரப்பான்பூச்சியை நாமே அழைத்ததாகிவிடும். வெட்டிய விளிம்பு விரலைக் கிழிக்கக்கூடியது, ஆகவே அதன்மேல் வயரிங் டேப்பை மடித்து ஒட்டுவது கட்டாயம்.

அழுத்தினால் நெளியும் மெல்லிய கேன்கள் இதற்கு உதவா. கனமான கண்ணாடி ஜாடிகளுக்கும் அடுப்பை ஒட்டிய சூடான தட்டுக்கும் இந்த முறை ஒத்துவராது. கதவு முழுவதுமாகத் திறக்காத அலமாரியில் கீல் இடிக்கும் என்பதால், கத்தியை எடுக்குமுன் அகலத்தை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.