சிங்கப்பூரில் ஆர்ட் தெரபிஸ்ட் ஆக விரும்பும் தம்பி தங்கைகளுக்கு

நன்றாக வரைவேன், மனிதர்களோடு பேசப் பிடிக்கும், ஆர்ட் தெரபி (படம், களிமண் போன்ற கலை வழியாக மனச் சிக்கல்களுக்கு உதவும் சிகிச்சை) படிக்கட்டுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் ஒரு குடும்பச் சேவை நிலையத்திலோ முதியோர் இல்லத்திலோ தொண்டூழியம் செய்யுங்கள். பேசவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு ஒரு அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போது, எதையாவது பேசி நிரப்பாமல் உங்களால் பொறுமையாக இருக்க முடிகிறதா? அது அங்கேதான் தெரியும். வரைகிற திறமையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படிப்பு என்றால், லாசால் கலைக் கல்லூரியில் 2006இலிருந்து ஆர்ட் தெரபி முதுகலை இருக்கிறது. முழுநேரமாக இரண்டு ஆண்டு. மருத்துவமனை, சிறப்புப் பள்ளி என்று வெளியே போய், மேற்பார்வையாளரின் கீழ் செய்யும் பயிற்சிதான் இதில் உயிர்நாடி. பிரிட்டனில் முறைப்படி பதிவு செய்யாதவர் தன்னை ஆர்ட் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் விடாது. இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனாலேயே வார இறுதிப் பயிலரங்கில் வாங்கிய சான்றிதழை நம்பிக் குடும்பங்களைப் பார்க்க உட்காராதீர்கள். ஆறாத புண்ணைக் கிளறிவிட்டுக் கட்டுப்போடத் தெரியாமல் நிற்பது போல ஆகிவிடும்.

குடும்பங்களோடு நான் அதிகம் பயன்படுத்துவது அமெரிக்க ஆர்ட் தெரபிஸ்ட் ஹெலன் லாண்ட்கார்டன் வகுத்த முறை. மேசையில் ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். ஆளுக்கு ஒரு நிற மார்க்கர், கடைசிவரை மாற்றக்கூடாது. வாயைத் திறக்காமல் எல்லாரும் சேர்ந்து ஒரே படம் வரைய வேண்டும். முடித்ததும் கலந்து பேசி அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். யார் என்ன செய்தார் என்பதை நிறமே காட்டிவிடும். முதல் கோடு யாருடையது, யார் கோட்டின் மேல் யார் வரைந்தார், ஓரத்திலேயே ஒதுங்கிய நிறம் எது, பெயர் வைக்கும்போது யார் சொன்னதை யாருமே காதில் வாங்கவில்லை, எல்லாவற்றையும் பாருங்கள். விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள். "இந்தப் பச்சை இங்கே வந்து நின்றுவிட்டதே, அங்கே என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும்.

பல இனத்தவர் சேர்ந்து வாழும் ஊரில் விளக்கம் சொல்லும் ஆசை பெரிய ஆபத்து. அமெரிக்க உளவியலாளர் ஜான் பக் 1948இல் கொண்டுவந்த வீடு, மரம், மனிதர் சோதனையில், அந்த மூன்றையும் வரையச் சொல்லி, படத்தை வைத்து வரைந்தவரின் மனத்தைப் படிப்பார்கள். அதில் வீட்டின் புகைபோக்கிக்குக்கூட அர்த்தம் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் வளரும் பிள்ளையோ மின்தூக்கியையும், துணி காயும் மூங்கில் கழிகளையும்தான் வரையும். புகைபோக்கி இல்லை என்பதற்காக அந்த வீட்டில் பாசம் இல்லை என்று எழுதுவது அநியாயம். ஒரு சீனப் பாட்டிக்கு வெள்ளை துக்கத்தின் நிறமாக இருக்கலாம். சில மலாய்ப் பெரியவர்களுக்குச் சமய நம்பிக்கையால் களிமண்ணில் மனித உருவம் செய்யச் சங்கடமாக இருக்கலாம். இலை, கொடி என்று வேறு வழியும் காட்டுங்கள். எதையும் நீங்களாக முடிவு கட்டாமல் அவரையே கேளுங்கள். ஹொக்கியன் என்ற சீன மொழி மட்டும் பேசும் பாட்டிக்குப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அது பிள்ளைக்குத் தாங்காத சுமை.

இன்னொன்றை நிறையப் பார்ப்பீர்கள். குடும்பப் படத்தில் பிள்ளை தன் பக்கத்தில் பணிப்பெண்ணை வரைந்து, அம்மாவை மூலையில் சின்னதாக வைத்திருக்கும். அப்போது முதலில் அம்மாவின் முகத்தைக் கவனியுங்கள். ஒரு முறை நான் அப்படி வரைந்த ஒரு பிள்ளையிடம், பணிப்பெண்ணின் உருவத்தைக் காட்டி, "ஆன்ட்டி கையில என்ன இருக்கு?" என்று கேட்டேன். "என் ஸ்கூல் பேக்." "அம்மா எங்கே இருக்காங்க?" "பஸ்ல வந்துக்கிட்டு இருக்காங்க." அம்மா அழுதுவிட்டார். தன் ஷிப்ட் வேலையைப் பற்றி அவர் வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசியது அன்றைக்குத்தான். நானாக அந்தப் படத்துக்கு அர்த்தம் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

வேலை தேடும்போது, ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பெயரிலேயே இடம் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். கவுன்சலராகவோ சமூக சேவையாளராகவோ சேர்ந்து, அதற்குள் இதைச் செய்பவர்கள் உண்டு. கவுன்சலிங் தகுதியும் கையில் இருந்தால் நல்லது. நேர்முகத் தேர்வில் நீங்களும் கேளுங்கள்: உங்கள் வேலையைப் பற்றிக் கலந்து பேச வெளி மேற்பார்வையாளரைப் பார்க்க நேரமும் பணமும் தருவார்களா, கை கழுவக் குழாய் உள்ள அறை இருக்கிறதா, குடும்பங்கள் வரைந்த படங்களைப் பூட்டி வைக்க அலமாரி இருக்கிறதா என்று.