கண்ணாடி பிடித்த பெண் யார்? பரோக் அச்சுப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரோக் என்னும் கலைப்பாணி ஓங்கிய 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றில் ஒரு பெண் கண்ணாடியோடு நிற்கிறாள். உடனே ‘தற்பெருமை’ என்று பெயர் சூட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வேலைக் கண்டதும் முருகன் என்று சொல்லிப் பழகிய கண்ணுக்கு அது இயல்புதான். ஆனால் பரோக் உருவகங்களில், அதாவது ஒரு கருத்தை மனித வடிவில் காட்டும் படங்களில், ஒரு பொருள் ஒருவருக்கே சொந்தமில்லை. கண்ணாடியோடு கையில் பாம்பு சுற்றியிருந்தாலோ, தலையில் முன்னும் பின்னும் முகம் இருந்தாலோ அவள் விவேகம். மயில் கூட இருந்தால் செருக்கு. மண்டையோடும் சோப்புக் குமிழியும் இருந்தால் நிலையாமை. கழுகு இருந்தால் ஐம்புலன் வரிசையில் ‘பார்வை’யாக இருக்கலாம், அந்த வரிசையின் மற்ற நான்கு படங்களையும் தேடிப் பாருங்கள்.

பாம்பும் அப்படித்தான். தன் வாலைத் தானே கவ்வினால் நித்தியம். கூந்தலாக நெளிய, அவள் தன் இதயத்தையே தின்றால் பொறாமை. காலடியில் கிடப்பது உட்பட எல்லாவற்றையும் முதலில் பட்டியலிடுங்கள். பெயர் வைப்பது அப்புறம்.

அடுத்த தவறு, இத்தகைய உருவகங்களை வர்ணிக்கும் கையேடான சேசரே ரீப்பாவின் ‘இக்கோனோலோஜியா’வை அகராதிபோல் புரட்டுவது. 1593இல் ரோமில் வந்த முதல் பதிப்பில் படங்களே இல்லை. 1603 பதிப்பில்தான் சேர்ந்தன. டச்சு மொழிபெயர்ப்பு 1644இல் வந்தது. 1585இல் செதுக்கிய படத்துக்கு அந்த நூல் மூலமாக இருக்க முடியாது. ஒரே கருத்துக்கு ரீப்பா பல வர்ணனைகள் தருவதால், முதலில் கண்ணில் பட்டதோடு நிறுத்திவிடக் கூடாது.

நீதிதேவதை இடக்கையில் வாள் பிடித்திருந்தால் அதற்குத் தத்துவம் தேட வேண்டாம். தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். ‘எழுத்து நேராக இருக்கிறதே’ என்பது சான்றாகாது. செதுக்குபவர் எழுத்தை மட்டும் திருப்பிச் செதுக்கியிருப்பார். மூல ஓவியத்தோடு ஒப்பிடுவதே வழி. அதற்குப் படத்தின் கீழே பெயர்களோடு வரும் லத்தீன் சொற்கள் உதவும்: ‘இன்வெனிட்’ உருவமைத்தவர், ‘பின்க்ஸிட்’ தீட்டியவர், ‘ஸ்கல்ப்ஸிட்’ செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ வெளியிட்டவர். ‘எக்ஸ்குடிட்’ என்பதோடு வரும் பெயரை ஓவியர் என்று எழுதிவிடாதீர்கள்.

உடையின் நிறத்தை நம்பியும் அடையாளம் சொல்ல வேண்டாம். இவை பெரும்பாலும் கறுப்பு மையில் அச்சானவை. வண்ணம் பின்னாளில் யாரோ கையால் பூசியதாக இருக்கலாம். கீழே லத்தீன் வரியே இல்லையென்றால், ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே தகட்டில் எடுத்த வேறு பிரதி ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்திலோ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலோ இருந்தால், அவர்களின் இணையத் தொகுப்பிலேயே அந்த வரியைப் படித்துவிடலாம்.