யூசர் போல்டரைப் புதிய கணினிக்கு மாற்றும்போது பழைய மெயில் தொலையாமல் காப்பது

யூசர் போல்டரில் இருந்த டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், படங்கள் எல்லாம் புதிய கணினிக்கு வந்துவிட்டன. அவுட்லுக்கைத் திறந்தால் இன்பொக்ஸ் வெறுமையாக இருக்கிறது. பழைய ஹாட் டிஸ்க்கை அதற்குள் ஃபோர்மட் செய்தாயிற்று. மெயில் எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் கொப்பி செய்வதால் வரும் இழப்பு இது. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்து, கணினி மாற்றுகிறவர்கள் கூடியிருக்கும் நேரத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

வன்னியில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. இடப்பெயர்வில் கடதாசிகளை இழந்த குடும்பங்களுக்கு, வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் ஸ்கான் செய்து அனுப்பிய காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் ஒரு மெயிலின் இணைப்பாக மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பழைய திட்டக் கடிதங்களும் அப்படித்தான். ஆகவே ஆறுதலாகச் செய்யுங்கள். அரை நாள் ஒதுக்குங்கள்.

முதல் வேலை: மெயில் எங்கே இருக்கிறது?

அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ் என்று போனால் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஈமெயில் என்ற பட்டியலில் ஒவ்வொரு கணக்கும் எந்த வகை என்று எழுதியிருக்கும்: பொப் (மெயிலைக் கணினிக்கு இறக்கி வைப்பது), ஐமப் அல்லது எக்ஸ்சேஞ்ச் (இரண்டும் மெயிலைச் சேவரில், அதாவது மெயில் நிறுவனத்தின் கணினியில், வைத்திருப்பவை). டேட்டா ஃபைல்ஸ் என்ற பட்டியலில் அந்தக் கணக்கின் மெயில் எந்தப் பைலில், எந்தப் போல்டரில் இருக்கிறது என்று முழுப் பாதையும் இருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஊகம் வேண்டாம். மென்பொருளே சொல்கிறது.

பொப் என்றால் மெயில் பி.எஸ்.ரி பைலில் இருக்கும். அதற்கு வேறு பிரதி இருக்கும் என்று நம்பாதீர்கள். அவுட்லுக் 2010உம் அதற்குப் பிந்திய பதிப்புகளும் அதை டொக்கியுமென்ட்ஸ் உள்ளே அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற போல்டரில் வைக்கும். 2007உம் அதற்கு முந்தியவையும் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், அவுட்லுக் என்று ஆழத்தில் வைக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட போல்டர். யூசர் போல்டரைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் தெரிவு செய்து கொப்பி எடுத்தால் அது வரவே வராது. முதலில் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதைப் போட்டுவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்றாலும், அவுட்லுக் 2013இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் ஐமப் என்றாலும், இருப்பது ஓ.எஸ்.ரி பைல். அது சேவரில் உள்ளதன் நிழல்; வேறு கணினியில் அப்படியே திறக்காது. புதிய கணினியில் கணக்கைச் சேர்த்தால் சேவரில் இருந்து திரும்ப இறங்கும். ஆனால் மூன்று இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, ‘திஸ் கொம்பியூட்டர் ஒன்லி’ என்று குறித்த போல்டர்கள் சேவரில் இல்லை. இரண்டு, அவுட்பொக்ஸில் தங்கி நிற்கும் மெயில். மூன்றாவதுதான் மோசமானது: சேவரில் அந்தக் கணக்கே இப்போது இல்லை. திட்டம் முடிந்து நிறுவனம் போய்விட்டது, அல்லது அதன் இணைய முகவரியான டொமைன் புதுப்பிக்கப்படவில்லை. அப்படியானால் அந்த ஓ.எஸ்.ரி பைல்தான் மிஞ்சிய ஒரே பிரதி. இன்ரநெற்றைத் துண்டித்துவிட்டுத்தான் அவுட்லுக்கைத் திறக்க வேண்டும். பிறகு ஃபைல், ஓப்பன் அன்ட் எக்ஸ்போட், இம்போட் எக்ஸ்போட், ‘எக்ஸ்போட் ரு எ ஃபைல்’ வழியாகப் போய், கணக்கின் உச்சியைத் தெரிவு செய்து, ‘இன்குளூட் சப்போல்டர்ஸ்’ என்பதைப் போட்டு, ஒரு பி.எஸ்.ரி ஆக எடுங்கள்.

கணக்கு உயிரோடு இருந்தால், எக்ஸ்போட் எடுக்கும் முன் கணக்கு அமைப்பில் ‘ஓஃப்லைனில் வைத்திருக்கும் மெயில்’ எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். ஒரு வருடம் என்று இருந்தால் எக்ஸ்போட்டிலும் ஒரு வருட மெயில்தான் வரும். ‘ஓல்’ என்று மாற்றி, எல்லாம் இறங்கி முடியும் வரை விடுங்கள். 10 ஜிபி மெயிலை மொபைல் டேட்டாவில் இறக்குவது செலவு. இரவு டேட்டா இருந்தால் அதில் விடலாம்.

தண்டர்பேர்ட்

தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் வேலை சுலபம். ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட் என்ற ஒரே போல்டரில் மெயில், முகவரிப் புத்தகம், அமைப்புகள், கடவுச்சொற்கள் எல்லாம் கிடக்கும். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபொமேஷன், அதில் புரொஃபைல் ஃபோல்டர், ஓப்பன் ஃபோல்டர் என்று போனால் சரியான இடத்துக்குக் கூட்டிப்போகும்.

உள்ளே மெயில் என்றும் ஐமப்மெயில் என்றும் இரண்டு போல்டர்கள். பொப் கணக்குகளும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’உம் மெயில் போல்டரில் இருக்கும். அதைத் திறந்தால் இன்பொக்ஸ் என்று இரண்டு பைல்கள் அருகருகே நிற்பதைக் காணலாம். ஒன்றுக்குப் பின்னொட்டே இல்லை, அளவு மட்டும் 3 ஜிபி போல இருக்கும். மற்றதன் பின்னொட்டு எம்.எஸ்.எஃப், சில எம்பிதான். பின்னொட்டு இல்லாததை எந்தப் புரோகிராமும் திறப்பதில்லை என்பதால் குப்பை என்று அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் மெயில் முழுவதும். ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே பைலில் எழுதப்பட்டிருக்கிறது. எம்.எஸ்.எஃப் வெறும் அட்டவணை. அது பழுதானால் தண்டர்பேர்ட்டை மூடிவிட்டு அழிக்கலாம், அடுத்த முறை திறக்கும்போது தானாக உருவாகும்.

ஒரே பைலில் எல்லாம் இருப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வைரஸ் உள்ள ஒரே ஒரு மெயிலைக் கண்டு, அன்ரிவைரஸ் முழு இன்பொக்ஸ் பைலையும் தூக்கி அடைத்துவிடலாம். ஆகவே கொப்பி முடிந்ததும் பழையது, புதியது இரண்டு பக்கத்திலும் பைலின் அளவை ஒப்பிடுங்கள்.

தண்டர்பேர்ட்டின் டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போட் வசதி இருந்தாலும், புரொஃபைல் (மெயிலும் அமைப்புகளும் உள்ள அந்தப் போல்டர்) 2 ஜிபியைத் தாண்டினால் கையால்தான் கொப்பி செய்ய வேண்டும்.

கொப்பிக்கு முன்

இன்பொக்ஸிலும் சென்ட் போல்டரிலும் எத்தனை மெயில், மிகப் பழையது எந்தத் திகதி என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். அவுட்லுக்கில் சாளரத்தின் கீழ் ஓரத்தில் எண்ணிக்கை தெரியும். இந்த நாலு எண்கள்தான் பிறகு உங்கள் சாட்சி.

கணக்குகளின் கடவுச்சொற்களை இப்போதே சோதியுங்கள். அவுட்லுக்கில் பதிந்திருக்கும் கடவுச்சொல் அந்த வின்டோஸ் பயனருக்கே பூட்டப்பட்டது. போல்டரைக் கொப்பி செய்தால் கூட வராது. பிரௌசரில் போய் உள்நுழைந்து பாருங்கள். சரிபார்ப்பு இலக்கம் வரும் சிம் இன்னும் கையில் இருக்கிறதா? பழைய போனோடு தொலைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பென்ட்ரைவ் எந்த ஃபோர்மட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கடையில் வாங்கும் 32 ஜிபி பென்ட்ரைவ் பெரும்பாலும் ஃபாட் 32. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிப் பைல் ஏறாது, எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும். பி.எஸ்.ரி பைல் 4 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். உள்ளே ஒன்றும் இல்லாத பென்ட்ரைவ் என்றால் எக்ஸ்ஃபாட் அல்லது என்.ரி.எஃப்.எஸ் ஆக ஃபோர்மட் செய்யுங்கள். வெளி ஹாட் டிஸ்க் இருந்தால் அதுவே நல்லது. நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்ட்ரைவில் 10 ஜிபி போக ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும்.

மாரி காலத்தில் இடி மின்னல் உள்ள பின்னேரங்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். யூ.பி.எஸ் இல்லாத கணினியில் கரண்ட் நின்றால், பாதி எழுதிய பி.எஸ்.ரி பார்வைக்குச் சரியான பெயரோடுதான் நிற்கும். மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்கட்டும்.

கடைசியாக, மெயில் மென்பொருளை மூடுங்கள். மூலையில் உள்ள குறியை அழுத்தினால் போதாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ராஸ்க் மனேஜரில் அவுட்லுக்கோ தண்டர்பேர்ட்டோ இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். திறந்திருக்கும் பி.எஸ்.ரி கொப்பியாகாது, அல்லது பழுதான கொப்பி கிடைக்கும்.

கொப்பி எடுத்தல்

முழு யூசர் போல்டரையும் இழுத்துப் போட்டால் ஏதோ ஒரு பைலில் வந்து நின்றுவிடும். வின்டோஸிலேயே உள்ள ரோபோகொப்பி நம்பகமானது. முடிந்தால் வேறு ஓர் அட்மின் கணக்கில் உள்நுழைந்து, கொமாண்ட் புரொம்ப்ரை அட்மினாகத் திறந்து, ஆங்கில எழுத்தில் இதை ரைப் செய்யுங்கள்:

ரோபோகொப்பி "சி:\யூசர்ஸ்\பழையபெயர்" "எஃப்:\பழையபெயர்" /ஈ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

பழையபெயர் என்பது பழைய கணினியில் உங்கள் யூசர் போல்டரின் பெயர். எஃப் என்பது வெளி டிஸ்க்கின் எழுத்து. /ஈ வெறும் போல்டர்கள் உட்பட எல்லா உள்போல்டர்களையும் எடுக்கும். /எக்ஸ்ஜே மிக முக்கியம்: யூசர் போல்டருக்குள் தன்னையே திருப்பிக் காட்டும் இணைப்புப் போல்டர்கள் உண்டு, அதைத் தவிர்க்காவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் கொப்பி போகும். மற்ற இரண்டும் முடியாத பைலை ஒரு நொடி பொறுத்து ஒருமுறை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல்கின்றன. அவற்றைப் போடாவிட்டால் ரோபோகொப்பி 30 நொடிக்கு ஒருமுறையாகப் பத்து இலட்சம் தடவை முயலும். /எம்ஐஆர் என்பதை யாராவது சொல்லித்தந்தால் இந்த வேலைக்குப் பாவிக்காதீர்கள்: மூலத்தில் இல்லாததை அது போய்ச் சேரும் இடத்தில் அழித்துவிடும்.

முடிவில் ஓர் அட்டவணை வரும். ஃபெயில்ட் என்ற நிரலைப் பாருங்கள். என்.ரி.யூசர் என்று தொடங்கும் பைல்கள் தவறியிருந்தால் கவலை இல்லை, அவை தேவையும் இல்லை. மெயில் பைல் தவறியிருந்தால் மென்பொருள் இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

டொக்கியுமென்ட்ஸ் போல்டர், மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவுக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பைலின் பக்கத்தில் முகில் குறி மட்டும் இருந்தால் அது டிஸ்க்கில் இல்லை. ரைட் கிளிக் செய்து ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வை’ என்று முதலில் இறக்குங்கள்.

பழைய கணினி எழும்பாமல் டிஸ்க்கைக் கழற்றி யூ.எஸ்.பி உறையில் போட்டு வேறு கணினியில் பார்க்கிறீர்கள் என்றால், வின்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்த கணினி என்றால் அந்தக் கணக்கிற்குள் தேடுங்கள். சாவி இல்லாமல் டிஸ்க்கைத் திறக்க வழி இல்லை.

புதிய கணினியில்

புதிய பயனரை உருவாக்கி ஒருமுறை உள்நுழையுங்கள். பிறகு டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், படங்கள் போன்றவற்றை அந்தந்த இடத்தில் போடுங்கள். பழைய ஆப்டேட்டாவை முழுதாகப் புதியதன் மேல் கொட்டக் கூடாது, என்.ரி.யூசர் பைலையும் கொண்டுவரக் கூடாது. அவற்றில் பழைய கணினிக்கே உரிய பதிவுகள் இருப்பதால் ஸ்ரார்ட் மெனு தொடங்கி எல்லாம் குழம்பும்.

பி.எஸ்.ரி பைலை டொக்கியுமென்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் போல்டருக்குக் கொப்பி செய்யுங்கள். பென்ட்ரைவில் வைத்தே திறந்து வேலை செய்வது பைலைப் பழுதாக்கும் வழி. பொப் கணக்கைச் சேர்க்கும்போது ‘எக்ஸிஸ்டிங் அவுட்லுக் டேட்டா ஃபைல்’ என்பதைத் தெரிவு செய்து அதைக் காட்டுங்கள். கணக்கை ஏற்கெனவே சேர்த்துவிட்டால், ஓப்பன் அன்ட் எக்ஸ்போட் வழியாக பி.எஸ்.ரியைத் திறந்து, டேட்டா ஃபைல்ஸ் பட்டியலில் ‘செட் அஸ் டிஃபோல்ட்’ கொடுத்து, அவுட்லுக்கை மூடித் திறவுங்கள். இம்போட் செய்வதை விட இதுவே நல்லது. இம்போட்டில் இரட்டிப்பு மெயில்கள் சேரலாம். கையொப்பங்கள் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசொஃப்ட், சிக்னேச்சர்ஸ் போல்டரில் இருக்கின்றன, அந்த ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள். பி.எஸ்.ரி திறக்க மறுத்தால் ஓபிஸ் போல்டரில் உள்ள ஸ்கான்பி.எஸ்.ரி என்ற கருவியை, ஒரு கொப்பியின் மேல் ஓட்டுங்கள். மூலத்தின் மேல் வேண்டாம்.

தண்டர்பேர்ட்டுக்கு: பழையதன் அதே பதிப்போ அதைவிடப் புதியதோ நிறுவுங்கள். பதிப்பு இறங்கினால் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். ஒருமுறை திறந்து, கணக்குக் கேட்டதும் மூடிவிடுங்கள். ரோமிங்கில் உருவான தண்டர்பேர்ட் போல்டரின் பெயரை மாற்றி, பழையதை முழுதாக அந்த இடத்தில் போடுங்கள். திறந்தும் வெறுமையாக இருந்தால் மெயில் தொலைந்துவிடவில்லை. நிறுவிய பாதை வேறாக இருப்பதால் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொண்டது. ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்தில் ‘அபவுட் புரொஃபைல்ஸ்’ இணைப்பை அழுத்திப் பழைய புரொஃபைலைத் தெரிவு செய்யுங்கள். கடவுச்சொற்களும் இந்தப் போல்டரிலேயே வருவதால், கொப்பி உள்ள பென்ட்ரைவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வின்டோஸ் லைவ் மெயிலில் இன்னும் இருப்பவர்கள்: அதன் ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்துவிட்டது. மெயில்கள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், வின்டோஸ் லைவ் மெயில் போல்டரில் ஒவ்வொன்றும் ஒரு ஈ.எம்.எல் பைலாக இருக்கும். அவற்றை எடுத்துவைத்தால் தண்டர்பேர்ட்டில் திறக்கலாம். ஆயிரக்கணக்கான சிறு பைல்கள் என்பதால் கொப்பி ஊர்ந்துதான் போகும்.

இப்போது அந்தக் கடதாசியை எடுத்து எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, மிகப் பழைய மெயில் திறக்கிறதா, அதன் இணைப்பும் திறக்கிறதா என்று மூன்றும் பாருங்கள். பொப் கணக்கை அவுட்லுக்கில் புதிதாகச் சேர்த்தால், சேவரில் விட்டுவைத்த மெயில்கள் இரண்டாம் முறை இறங்கும்; எண்ணிக்கை கூடினால் அதுதான் காரணம். தண்டர்பேர்ட்டில் எது இறங்கியது என்ற குறிப்பு புரொஃபைலோடு வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய கணினி இன்னும் இன்ரநெற்றில் இருந்தால், அதில் மெயில் மென்பொருளைத் திறக்காதீர்கள். பொப் கணக்கில் ‘சேவரில் ஒரு பிரதி விடு’ போடப்படாவிட்டால் இன்று வரும் மெயிலை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டு, புதியதில் ஒன்றும் காட்டாது. பழைய டிஸ்க்கை இரண்டு மூன்று மாதமாவது அழிக்காமல், பெயரும் திகதியும் ஒட்டி அலுமாரியில் வையுங்கள்.