வீட்டைவிட்டு வந்த பால்புதுமை இளையோருக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்பாலீர்ப்போ பாலின அடையாளமோ வீட்டாருக்குத் தெரியவந்ததும் அடி, வீட்டுக்காவல், அவசரக் கல்யாணப் பேச்சு என்று தொடங்கி, இனித் தாங்க முடியாது என்ற நிலையில் வீட்டைவிட்டு வருகிற பால்புதுமை இளையோருக்கு (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோருக்கு) உதவ நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் இன்று முன்பைவிட அதிகம். நல்லெண்ணம் இருந்தும், முதல் இரண்டு நாட்களில் நேரும் சில தவறுகள் அவர்களை மீண்டும் ஆபத்தில் தள்ளிவிடுகின்றன.

அவற்றுள் மிகக் கொடியது, 'பெற்ற மனம் பித்து' என்று நம்பிப் பெற்றோரை அழைத்து, பிள்ளை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவது. சமாதானம் பேச வருவதாகச் சொல்லும் உறவினர்கள் வண்டியோடு வந்து கட்டாயமாக அழைத்துச் செல்லக்கூடும். அப்படிப் போனவரின் கைப்பேசி மறுநாளே அணைந்துவிடும். வந்தவர் 18 வயது நிறைந்தவரானால், யாருக்கு எதைச் சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர் மட்டுமே. அவருடைய படத்தைப் போட்டு இணையத்தில் நன்கொடை கேட்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான்.

பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்துவிட்டால், காவல் நிலையத்துக்கு அஞ்சி அவரை ஊர் ஊராக ஒளித்துவைப்பது அடுத்த தவறு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் இதே நெருக்கடியில் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். அந்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, காணவில்லை என்று தேடப்படுபவர்கள் தம் விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்த பால்புதுமையினர் என்று விசாரணையில் தெரிந்தால், காவல்துறை அவர்களுடைய வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, எவ்விதத் தொல்லையும் தராமல் புகாரை முடித்துவைக்க வேண்டும் என்கிறது. இச்சமூகத்தினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளிலும் 2022இல் திருத்தம் வந்தது. ஆகவே ஒளிவதைவிட, ஒரு வழக்கறிஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாக்குமூலம் கொடுப்பதே பாதுகாப்பு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

18 வயது நிறையாதவர்களுக்கு வழி வேறு. இரக்கப்பட்டு அவர்களை வீட்டிலேயே வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டவர்மீதே கடத்தல் வழக்காகத் திரும்பலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போய்ச்சேரச் செய்ய வேண்டும். வீட்டில் அடி விழுந்தது என்றால் அதையும் அந்தக் குழுவிடம் தெளிவாகப் பதியவைக்க வேண்டும்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, 'அரசு இல்லம் இருக்கிறதே' என்று முகவரியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. மத்திய அரசு 2020இல் தொடங்கிய கரிமா கிரே இல்லங்கள் முதற்கட்டத்தில் நாடு முழுவதற்கும் 12தான். அவையும் திருநர்களை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டவை. 2021 உத்தரவு, குறுகிய காலத் தங்கும் இல்லங்களிலும் கரிமா கிரே இல்லங்களிலும் பால்புதுமையினர் எவருக்கும் இடம் கிடைக்க ஏற்பாடு செய்யச் சொன்னது என்றாலும், ஒரு தன்பாலீர்ப்பாளருக்கோ திருநம்பிக்கோ (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாகத் தம்மை உணர்பவருக்கோ) இன்று இரவு படுக்கை உண்டா என்பதை முன்கூட்டியே அழைத்துக் கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு. மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் ஆண், பெண் என்று பிரிந்தவை. ஒரு திருநம்பியை அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தே பெண்கள் பகுதிக்கு அனுப்புவது அவரைத் தெருவுக்கே திரும்பத் துரத்துவதற்கு ஒப்பாகும். எங்கே தங்கினால் நிம்மதியாகத் தூங்க முடியும் என்று அவரையே கேளுங்கள்.

மனநல ஆலோசனை தேவைப்படலாம். ஆனால் 'மாற்றிவிடுகிறேன்' என்று சொல்பவரிடம் எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். அவ்வாறு மாற்ற முயலும் சிகிச்சையை மேற்சொன்ன உத்தரவு தடைசெய்துள்ளது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

கடைசியாக, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: சான்றிதழ்கள். எழும்பூர் ரயில் நிலையத்தில் நான் அழைத்துவரச் சென்ற 19 வயதுப் பையனின் பையில் இரண்டு சட்டை, ஒரு சார்ஜர், பாதி தீர்ந்த தண்ணீர் பாட்டில் மட்டுமே இருந்தன. மதிப்பெண் பட்டியல் வீட்டு பீரோவில். ஆதாரோடு இணைந்திருந்தது அப்பாவின் எண், அதனால் ஓடிபி போனதும் அப்பாவுக்கே. ஒரு வாரச் சாப்பாட்டுக்குப் பணம் திரட்டிய நாங்கள் இதை மறந்துவிட்டோம். கிடைக்கவிருந்த வேலை அவன் கையைவிட்டுப் போனது. முதல் வாரத்திலேயே வந்தவரை ஆதார் மையத்துக்கு நேரில் அழைத்துச் சென்று கைரேகை வைத்து அவரது சொந்த எண்ணை இணைத்துவிட்டால், அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியலை எடுப்பதற்கும் வங்கிக் கணக்கு தொடங்குவதற்கும் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிராது.