அடுப்பில் தானாக வேகட்டும்: வாரநாள் ராத்திரிக் கறியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரில் வேலை முடிந்து பஸ் பிடித்து கிருஷ்ணகிரி வந்து சேர ஏழு மணி தாண்டிவிடும். எட்டரைக்குள் சாப்பாடு ஆகவில்லை என்றால் பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் களியாவது, கறியாவது. இந்த ஒன்றரை மணி நேரத்தில், இரண்டே அடுப்பை வைத்துக்கொண்டு, ஒரு சட்டி கறியை உருப்படியாக இறக்க எனக்குச் சில வருஷம் பிடித்தது.

நான் சொல்லும் முறையை ஓட்டல்காரர்கள் பிரேசிங் என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்குத் தனிப்பேர் கிடையாது. எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, தீயைக் குறைத்து, கடைசியில் சுண்டவிடுகிறோம், அவ்வளவுதான். தொக்கு, பிரட்டல் எல்லாம் இந்த வகையறா. குழம்பு போல இதில் கறி மிதக்காது. வறுவல் போலப் பக்கத்திலேயே நின்று பிரட்டவும் வேண்டாம். ஒரு அடுப்பில் சட்டி தன் பாட்டுக்கு இருக்கும். இன்னொரு அடுப்பில் ராகி களி கொதிக்கும். ஆள் தேவைப்படுவது களிக்கோல் பிடித்துக் கிளறுவதற்குத்தான்.

என் தவறுகளில் பாதி, நேரம் போதாதே என்ற பயத்தில் செய்தவை. வதக்கும் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பேன். அது ரப்பர் கறியாகவோ, தண்ணிக் குழம்பாகவோ திரும்பி வரும்.

கறிக்கடையில் ஆரம்பிக்கிறது

"தொடைக்கறியா போடுங்கண்ணா, எலும்பு வேணாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காசு கொடுக்கிறோம், நல்ல இடத்தை வாங்குவோம் என்ற நினைப்பு. மூடி போட்டு வேகவைப்பதற்கு அது நல்ல இடம் இல்லை. ஆடு நடந்து உழைத்த பாகங்களில், அதாவது முன்சப்பை, கழுத்து, நெஞ்செலும்பில், கொலாஜன் என்ற ஜவ்வுப்புரதம் நிறைய உண்டு. 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் நிதானமாக நின்றால் அது இளகி ஜெலட்டின் ஆகிறது. விரலில் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்பும், மசாலாவுக்கு வருகிற பளபளப்பும் அதுதான். தொடையின் கொழுப்பில்லாத சதையில் இளக அவ்வளவு சரக்கு இல்லை. வேக வேக அது தன் சாற்றைப் பிழிந்து வெளியே விட்டுவிட்டு வறண்டுபோகும்.

இப்போது "முன்சப்பையும் கொஞ்சம் நெஞ்செலும்பும் கலந்து, துண்டு கொஞ்சம் பெரிசா" என்று கேட்கிறேன். கடைக்காரர் வழக்கப்படி சின்னச் சின்னதாக வெட்டப் பார்ப்பார். சின்னதாக வெட்டினால் சீக்கிரம் வேகும் என்பது பாதி உண்மை. வேகும், ஆனால் நாம் களியைக் கிளறி முடிப்பதற்குள் நாராகியும் போகும். பெரிய எலுமிச்சம்பழ அளவு சரி.

கோழிக்குக் கணக்கு வேறு. பிராய்லருக்கு மொத்தமே 25 நிமிடம் போதும், குக்கர் வேண்டவே வேண்டாம். காலும் தொடையும் வாங்குங்கள். நெஞ்சுப் பகுதி இந்தச் சமையலுக்கு ஆகாது. நாட்டுக்கோழி முற்றியதாக இருந்தால் ஆட்டுக்கறி போலவே நடத்துங்கள்.

ஈரக்கறி, நெருக்கடிச் சட்டி

கழுவிய கறியை வடிகட்டாமல் அப்படியே எண்ணெயில் கொட்டுவதுதான் எங்கள் தெருவில் நான் அதிகம் பார்க்கும் தவறு. சர்ரென்று சத்தம் வரும், ஒரு நிமிடம் நன்றாகத்தான் தெரியும். அப்புறம் சட்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து அந்த வறுத்த மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். ஆக நாம் வதக்குவதாக நினைத்துக்கொண்டு அவித்துக்கொண்டிருக்கிறோம்.

கழுவியதும் சல்லடையில் பத்து நிமிடம் போடுங்கள், அந்த நேரத்தில் வெங்காயம் உரிக்கலாம். பிறகு ஒரு பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். அரைக் கிலோவையும் ஒரே தடவையில் போடாமல் இரண்டு பங்காகப் போட்டு, ஒரு பக்கம் சிவக்கும்வரை கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். கரண்டியைக் கீழே வைப்பதுதான் கஷ்டம். கிளறிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கமும் சிவக்காது. மொத்தம் எட்டு நிமிடம் கூடுதலாக ஆகும். இந்த எட்டு நிமிடத்தைத் திருடினால் வேறு எங்கேயும் ஈடுகட்ட முடியாது, எவ்வளவு கரம் மசாலா கொட்டினாலும்.

கறியை எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் வெங்காயம் போடுங்கள். அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதை அழுக்கென்று நினைத்து நான் ஒருமுறை சட்டியையே மாற்றியிருக்கிறேன். ருசி முழுக்க அங்கேதான் ஒட்டியிருக்கிறது. வெங்காயம் விடும் தண்ணீரிலேயே அது கரைந்து வந்துவிடும். மல்லித்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் வெங்காயம் தக்காளி சுருண்ட பிறகுதான். காய்ந்த எண்ணெயில் தூளைக் கொட்டினால் அரை நிமிடத்தில் கருகிக் கசக்கும். கசப்பை எடுக்க வழியே கிடையாது.

தண்ணீர்

களிக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு நிறைய வேண்டும் என்று நமக்குக் கை தாராளம். பழக்கதோஷத்தில் கறி மூழ்க ஊற்றிவிடுவோம். மூடி போட்டால் கறியும் வெங்காயமும் விடும் தண்ணீரே ஏறக்குறைய போதும். அரைக் கிலோவுக்கு அரை டம்ளரில் தொடங்குங்கள், கறியின் பாதி உயரத்துக்கு மேல் வர வேண்டாம்.

குறைந்தால் பச்சைத்தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதி அடங்கி வேக்காடு நின்றுவிடும். என் அம்மா சட்டியின் மேல் மூடிக்குப் பதிலாகக் குழிவான தட்டை வைத்து அதில் தண்ணீர் ஊற்றுவார். கீழே எழும் ஆவி அந்தத் தட்டின் அடியில் பட்டுக் குளிர்ந்து சட்டிக்குள்ளேயே சொட்டும். தட்டிலிருக்கும் தண்ணீரும் சூடாகியிருக்கும், வேண்டும்போது சாய்த்துக்கொள்ளலாம். இரும்பில் கனமான பிரேசிங் பாத்திரம் செய்து விற்கிறார்கள், மூடியின் உள்பக்கம் புள்ளி புள்ளியாக முள் வைத்திருக்கும். அந்த முள் செய்யும் வேலையை இந்தத் தட்டு செய்துவிடுகிறது, விலை அலுமினிய விலைதான்.

தளதளவென்று கொதிக்கவிடுவதும் தவறு. பெரிய தீயில் கறி சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். சதைநார் சுருங்கி இறுகிவிடும். மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். முன்சப்பைக்கு சட்டியில் ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி. வெந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் இன்னொரு கால் மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ச் சிரட்டைத் துண்டு போட்டால் கறி சீக்கிரம் வேகும் என்று சொல்வார்கள். போட்டும் போடாமலும் பார்த்துவிட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பப்பாளிக்காய் அப்படியில்லை, நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் அதை அரைத்துத் தடவி ராத்திரி முழுக்க வைத்தால் மேல்பக்கம் கூழாகி உள்ளே அப்படியே இருக்கும். அரை ஸ்பூன், அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

குக்கரைக் குறை சொல்ல வேண்டாம்

ஒரு மணி நேரமெல்லாம் வாரநாளில் ஏது? குக்கர் வைக்கலாம், தப்பே இல்லை. அழுத்தத்தில் உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டிப் போவதால் ஜவ்வு மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் இளகிவிடும். ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே திறந்த சட்டியில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், சென்னை அக்கா சொன்ன நேரம் ஒத்துவராது.

தவறு விசில் எண்ணுவதில் இருக்கிறது. 'ஆறு விசில்' என்பது அளவே இல்லை. பெரிய தீயில் ஆறு விசில் ஏழு நிமிடத்தில் வந்துவிடும், சின்னத் தீயில் அரை மணி ஆகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளம் ஆட்டுக்கு 15 நிமிடம், முற்றியதற்கு 20 முதல் 25. தண்ணீர் மட்டும் இங்கே ஒரு டம்ளருக்குக் குறைய வேண்டாம், அடிப்பிடிக்கும்.

மஞ்சள் போட்டுக் கறியைத் தனியாக வேகவைத்து, வேறு வாணலியில் மசாலா தாளித்து, இரண்டையும் கலப்பது இன்னொரு பழக்கம். கறி ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கமாக நிற்கும். குக்கரிலேயே சிவக்க வதக்கி, அதிலேயே மசாலா போட்டு மூடுங்கள். கழுவப் பாத்திரமும் ஒன்று குறையும்.

அவசரத்தில் குக்கரைக் குழாயடியில் வைக்காதீர்கள், கரண்டியால் வெயிட்டைத் தூக்கவும் செய்யாதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் உள்ளே இருப்பது பொங்கிக் கொதிக்கும், கறி பிய்ந்து சாற்றை விட்டுவிடும். தானாக அடங்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் களி உருட்டிவிடலாம். திறந்த பிறகு மூடி இல்லாமல் ஐந்தாறு நிமிடம், எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சுண்டவிடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் 'குக்கர் கறி ருசியில்லை' என்கிறார்கள்.

அவரைக்கொட்டையும் புளியும் போர்த்தண்ணீரும்

கறி எடுக்காத நாளில் இதே முறையில் அவரைக்கொட்டை, மொச்சை, கொள்ளு, மார்கழி தையில் பிதுக்கம்பருப்பு. நம் ஊர்ப் பக்கம் இதில் நடக்கும் தவறுக்குச் சமைப்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது, தண்ணீருக்கும் பங்கு உண்டு. போர்த்தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பயறின் தோலையும் சதையையும் பிடித்து வைத்திருக்கும் பெக்டினோடு அந்தக் கால்சியம் சேர்ந்து இறுக்கிவிடும். இரண்டு மணி வேகவைத்தாலும் கடுக்கடுக்கென்றே இருக்கும். ஃபுளோரைடு பிரச்சினைக்காகக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களுக்கும் வருகிறது. எங்கள் வீட்டில் குடிக்க அதைப் பிடித்து வைத்துவிட்டு, பயறு வேகவைக்க மட்டும் போர்க்குழாயைத் திறந்துகொண்டிருந்தோம். ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் ஒகேனக்கல் தண்ணீருக்கு மாற்றிய பிறகு அதே கொட்டை குக்கரில் மெத்தென்று வெந்தது.

இரண்டாவது, புளி. புளிக்குப் பஞ்சமில்லாத ஊர், கை தானாக நீளும். புளிப்பு எதுவானாலும், தக்காளியானாலும், பெக்டினைக் கரையவிடாது. பயறு நசுங்கும் பதம் வந்த பிறகே புளிக்கரைசல். கத்திரிக்காய்க்கும் சேனைக்கும் இதே கதைதான். பாதி வெந்த சேனையில் புளியை ஊற்றினால் அன்றைக்கு அது வெந்தபாடில்லை.

உப்பு போட்டால் பயறு வேகாது என்பது மட்டும் வீண்பழி. ஊறவைக்கும் தண்ணீரிலேயே ஒரு ஸ்பூன் உப்பு போட்டுப் பாருங்கள், தோல் இன்னும் இளகும். ஆப்பசோடா சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், பி1 வைட்டமினும் போய்விடும். இதையெல்லாம் செய்தும் வேகாத கொட்டை போன வருஷத்துப் பழசாக இருக்கும். அதற்கு மருந்தில்லை.

தேங்காய், வேர்க்கடலை அரைத்து ஊற்றுபவர்கள் அதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும், தேங்காய் திரிந்தும் போகும். இரும்பு வாணலியில் புளி போட்டு மூடி வைத்தால் கறுத்துத் துருவாடை வரும், அதற்கு மண்சட்டிதான். மண்சட்டியில் அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் கொதித்துக்கொண்டிருக்கும், ஆகவே கொஞ்சம் முன்னாலேயே அணையுங்கள்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மீனை இந்த முறையில் போடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். கட்லாவோ ஜிலேபியோ, மீனில் இளக வேண்டிய ஜவ்வு மிகக் குறைவு. மசாலாவை மட்டும் இப்படிச் சுண்ட வைத்துக்கொண்டு, மீனைக் கடைசியில் போட்டு எட்டு நிமிடத்தில் இறக்குங்கள்.

முந்தின நாளே

இந்தக் கறி மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் இப்போது ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோவாகச் செய்து, பாதியை எடுத்து வைக்கிறேன். திங்கள் ராத்திரி வேலை சூடாக்குவது மட்டும். இதிலும் ஒரு தவறு செய்தேன். சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாதே என்று ராத்திரி முழுக்க மேடையிலேயே விட்டுவிட்டேன். காலையில் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை, அரைக் கிலோ கறி குப்பைக்கு. அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். மறுநாள் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பில் பாதியை வழித்துவிட்டு, வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுவில் கொதி வரும்வரை சூடாக்குகிறேன். முழுச் சட்டியையும் தினமும் சூடாக்கித் திரும்ப உள்ளே வைப்பதில்லை.

நேற்று அப்படித்தான். ஏழே காலுக்கு வீட்டுக்கு வந்தேன், எட்டுக்கெல்லாம் களி உருண்டை தட்டில். சின்னவன் கறியைத் தின்றுவிட்டு நெஞ்செலும்பை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை.