ஸ்கேன் பிடிஎஃப்பிலிருந்து தமிழ் எழுத்தை எடுக்க: என் அனுபவம்

ஸ்கேன் பிடிஎஃப்பில் தேடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. உள்ளே இருப்பது வெறும் படம். காசு கேட்கும் தளங்களுக்குப் போகுமுன், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் இலவச மென்பொருளான ஜிஇமேஜ்ரீடரை நிறுவிப் பாருங்கள். உள்ளே ஓடுவது டெசராக்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் எஞ்சின். தமிழ் மொழிக்கோப்பைத் தனியாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் கொட்டும். இறக்கியபின் இணையமே வேண்டாம்.

ஸ்கேன் 300 டிபிஐ (படத்தின் துல்லிய அளவு) இருக்கட்டும். மங்கலான படத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி: 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும். விரித்து வைத்து எடுத்த இரட்டைப் பக்கங்களை ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் பிரித்து, சாய்வை நிமிர்த்திக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்கள்தான் உண்மையான தலைவலி. பழைய கொம்பு வைத்த லை, னை, சுழித்த றா எல்லாம் தாறுமாறாக வரும். நல்லவேளை, பெரும்பாலும் ஒரே மாதிரித் தவறு. லிப்ரே ஆபீஸ் போன்ற எழுத்துச் செயலியில் 'தேடி மாற்று' போட்டுத் திருத்திவிடலாம்.

நாலைந்து பக்கம்தான் என்றால் கூகுள் டிரைவ் போதும். படத்தை 2 எம்பிக்குள் சுருக்கி ஏற்றி, வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். சொத்துப் பத்திரம், ஆதார் நகலையெல்லாம் அங்கே ஏற்றாதீர்கள், அவற்றுக்கு ஜிஇமேஜ்ரீடரே.