சுட்ட பெல்லட்டை மறுபடி சுடலாமா?

ராயபுரத்தில் எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சொல்லித் தருகிறேன், அதாவது 10 மீட்டர் தள்ளியுள்ள இலக்கைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடுவது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதுதான்: "அண்ணா, பெட்டியில விழுந்த பெல்லட்டைத் திரும்பப் போட்டுச் சுடலாமா?" பெல்லட் என்பது அந்தத் துப்பாக்கியில் போடும் சின்னக் குண்டு. சுட்ட குண்டைப் பிடிக்க இலக்குக்குப் பின்னால் இருப்பதுதான் பெட்டி. பெல்லட் டப்பா விற்கிற விலைக்கு அந்தக் கேள்வி நியாயமே. ஆனாலும் கூடாது.

பெல்லட் மெத்தென்ற ஈயம். பேரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், போகும்போதே அங்குள்ள சுருள் வரிகள் அதில் பதிந்துவிடும். பெட்டியின் இரும்புத் தகட்டில் மோதியதும் தலை நசுங்கிவிடும். அதையே மறுபடி போட்டால் காற்று ஓரமாகக் கசியும், வேகம் ஒவ்வொரு முறையும் மாறும், பேரலிலேயே சிக்கிக்கொள்ளவும் செய்யும். போட்டியில் குண்டு 0.25 மி.மீ. தள்ளி விழுந்தாலே 0.1 புள்ளி போய்விடும். 60 குண்டிலும் அப்படியென்றால் 6 புள்ளி! பதக்கமே அதில் கைமாறும்.

புதுப் பெல்லட்டையும் அப்படியே நம்பாதீர்கள். பின்பக்க விளிம்பு ரொம்ப மெல்லியது. டப்பா ஒருமுறை கீழே விழுந்தால் போதும், வளைந்துவிடும். கண்ணாடித் துண்டின் மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். நல்லது சீராக வளைந்து உருளும், கெட்டது தத்தித் தத்திப் போகும். தத்துவதைப் போட்டிக்கு எடுக்கவே கூடாது. தரையில் விழுந்ததும் அப்படித்தான்.

அப்புறம் அளவு. 4.49, 4.50 மி.மீ. என்று தலை விட்டம் டப்பாவில் போட்டிருக்கும். எது உங்கள் பேரலுக்குச் சேரும் என்பதைச் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்து சுடுங்கள். பத்தும் ஒரே ஓட்டையாக விழுகிற வகையை எடுங்கள். அதே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரானவற்றுக்குப் போடும் எண்) இன்னும் சில டப்பா கிடைத்தால் விடாதீர்கள். அடுத்த லாட் வேறு மாதிரி இருக்கலாம்.

நம்ம பக்கம் கடல் காற்று. டப்பாவைத் திறந்து போட்டால் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வையுங்கள். பூத்ததைத் துடைத்துச் சுட வேண்டாம், அந்தத் தூள் விஷம். பெல்லட்டை வாயில் கவ்வுகிற பழக்கம் யாருக்கு இருந்தாலும் இன்றோடு விடச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜியைத் தொடக் கூடாது. சுட்ட ஈயத்தை மூடிய டப்பாவில் சேர்த்து, ஈயம் எடுக்கிற காயலான் கடையில் போடுங்கள்.